எட்டா, ஒன்பதா? சூரியக் குடும்பத்தில் எதெல்லாம் சேர்த்தி

கோபிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழாவது படிக்கும் பெண் கோள்கள் எட்டு என்கிறாள். இவர் படித்த காலத்தில் புளூட்டோவோடு சேர்த்து ஒன்பது. வீட்டில் பெண்ணின் அப்பாரு (தாத்தா), "கோயில்ல சுத்தி வர்றமே ஒம்பது, அது என்னாச்சு?" என்கிறார். இதற்கு நடுவில் 2025-இல் வெளியிலிருந்து ஒரு வால்நட்சத்திரம் வந்துபோனதாகச் செய்தி. "அப்ப நம்ம சூரியக் குடும்பத்துல எதுதானுங்க சேர்த்தி, எது சேர்த்தியில்லை?" என்று முடித்திருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் எண்ணிக்கை பற்றிய கேள்விதான். ஆனால் இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன: கோள் என்று எதைச் சொல்வது, சூரியனுக்குக் கட்டுப்பட்டது எது, கோயிலில் இருக்கும் ஒன்பது எந்தக் கணக்கு. அவர் கடைசியாகக் கேட்டது நடுவில் இருப்பதைத்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவதை இன்னும் விடவில்லை. சுற்றுப்பாதைக் கணக்குகளில் ஆராய்ச்சி செய்தவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அளந்து உறுதியானது எது, வல்லுநர்களே இன்னும் ஊகமாக வைத்திருப்பது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

சேர்த்தியா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்தப் பொருளின் உருவமோ அளவோ கிடையாது, இப்போது அது எங்கே இருக்கிறது என்பதுகூடக் கிடையாது. அது போகிற வேகமும், அந்தத் தூரத்தில் சூரியனுக்கு அதன் மேலுள்ள பிடியும்தான். பூமி சூரியனை நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. இதே தூரத்தில் இருக்கும் ஒரு பொருள் நொடிக்கு 42 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், சூரியனால் அதைத் திருப்பி இழுக்க முடியாது, போனது போனதுதான். 42-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு தூரம் போனாலும் என்றாவது ஒருநாள் திரும்பி வந்தாக வேண்டும். சூரியனிலிருந்து விலக விலக இந்த வரம்பு குறைந்துகொண்டே போகும், ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒரு பொருளைச் சில நாள் தொடர்ந்து கவனித்து, இடத்தையும் வேகத்தையும் அளந்துவிட்டால், அது சூரியனுக்குக் கட்டுப்பட்டதா, வழிப்போக்கா என்று சொல்லிவிடலாம். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சோதனைதான்.

சரி, உள்ளே இருப்பவை. முதலில் சூரியன், மொத்தக் குடும்பத்தின் எடையில் 99.8 சதவீதத்துக்கும் மேல் அது ஒன்றுதான். மிச்சத்தில் பெரும்பங்கு வியாழன், நம் பூமியைப் போல 318 மடங்கு நிறை. அப்புறம் சனி. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், யுரேனஸ், நெப்டியூன் எல்லாம் அதற்கப்புறம் மிஞ்சுவதில் அடக்கம். இந்த எட்டில் சந்தேகம் ஒன்றும் இல்லை.

புளூட்டோ கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "புளூட்டோவைச் சூரியக் குடும்பத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்" என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் தூக்கவில்லை. அது 248 வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிக்கொண்டு எப்போதும் போலத்தான் இருக்கிறது. மாறியது அதை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பது மட்டும். இப்படி ஆனது இது முதல்முறையும் இல்லை. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பலெர்மோவிலிருந்து பியாசி என்பவர் சீரிஸைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் அதைப் பல வருடங்கள் கோள் என்றுதான் புத்தகங்களில் எழுதினார்கள். அதே இடத்தில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று வந்தன, 1845-க்கு மேல் வருடா வருடம் வரத் தொடங்கிவிட்டன. இத்தனையையும் கோள் என்று எழுத முடியாது என்று சிறுகோள் என்ற தனிக் கூட்டத்தில் வைத்தார்கள். புளூட்டோவுக்கும் அச்சாக இதுவேதான் நடந்தது. 1930-இல் கிளைடு டோம்போ கண்டுபிடித்தார், ஒன்பதாவது கோள் ஆனது. 1992-இல் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பொருளை டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் கண்டார்கள், அப்புறம் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. 2005-இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் புளூட்டோவைவிடப் பெரியது என்றே அப்போது நினைத்தார்கள் (பிறகு அளந்ததில் புளூட்டோ குறுக்களவில் ஒரு இம்மி பெரியது, ஏரிஸ் எடையில் கூடுதல்). ஏரிஸைப் பத்தாவது கோள் என்பதா, புளூட்டோவையும் அதனுடன் வேறு கூட்டத்தில் வைப்பதா என்ற கேள்வி வந்துவிட்டது.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் ஓட்டெடுத்து ஒரு வரையறை வைத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையில் தானே ஆதிக்கம் செலுத்தி மற்றவற்றை ஒதுக்கியிருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் கோள். முதல் இரண்டு மட்டும் பொருந்தினால் குறுங்கோள். சீரிஸ், புளூட்டோ, ஏரிஸ், ஹௌமியா, மாக்கேமாக்கே என்ற ஐந்தை இப்போது குறுங்கோளாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது நிபந்தனையை ஏற்காத ஆய்வாளர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், புளூட்டோவுக்கு நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தை அனுப்பிய குழுவின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் அதில் முக்கியமானவர். என் அபிப்பிராயத்தைக் கேட்டால் 2006 முடிவு சரி என்பேன். குறுக்களவு 2,377 கிலோமீட்டர், நம் நிலாவைவிடச் சிறியது, அதே மாதிரிப் பாதையில் கூட்டமாகத் திரியும் பொருள்களில் ஒன்று. அதை நெப்டியூன் பக்கத்தில் வைப்பதைவிட அதன் கூட்டத்தோடு வைப்பதுதான் அதைப் பற்றி உண்மையைச் சொல்லும். ஆனால் இது மனிதர்கள் போட்ட வரம்பு, நாளைக்கு மாறலாம். புளூட்டோ சூரியனுக்குக் கட்டுப்பட்டது என்பது மாறாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் வீட்டுச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

கோள்களைச் சுற்றும் நிலாக்களும் சேர்த்திதான், அவை தங்கள் கோளோடு சேர்ந்து சூரியனைத்தானே சுற்றுகின்றன. சனிக்கு மட்டும் 2025 மார்ச் கணக்கில் 274 நிலாக்கள், அந்த மாதம் ஒரே அறிவிப்பில் 128 கூடின. வியாழனின் கனிமீடு புதன் கோளைவிடப் பெரியது. அப்புறம் சிறுகோள்கள், பத்து லட்சத்துக்கு மேல் பாதை கணக்கிட்டுப் பதிவு செய்தாயிற்று. சிலியில் புதிதாக இயங்கத் தொடங்கியிருக்கும் ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் காட்டிய முதல் படங்களிலேயே யாரும் பார்க்காத 2,104 சிறுகோள்கள் இருந்தன. இத்தனை இருந்தும் செவ்வாய்–வியாழன் நடுவிலுள்ள பட்டை முழுவதையும் சேர்த்து எடை போட்டால் நம் நிலாவில் நூற்றுக்கு மூன்று பங்குதான் தேறும். சிறுகோள் கண்டுபிடிப்பில் நம் பங்கும் உண்டு. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்திலிருந்து 1988-இல் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர், அதன் எண் 4130. பெண்ணிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தூரத்தை மனதில் வாங்காமல் பெயர்ப் பட்டியலை மட்டும் படித்தால் ஒன்றும் விளங்காது. பாடப்புத்தகப் படத்தில் எல்லாக் கோளும் தோள் உரசி நிற்கின்றன. அதற்கு நான் வகுப்பில் சொல்வது நம் பொள்ளாச்சி ரோடுதான். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள 15 கோடி கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவை உக்கடத்தில் ஒன்பது மீட்டர் குறுக்களவில் சூரியனை வைத்தால், ஒரு கிலோமீட்டர் தள்ளி எட்டரை சென்டிமீட்டர் உருண்டையாகப் பூமி, அதிலிருந்து இரண்டரை மீட்டரில் நிலா. வியாழன் சுந்தராபுரம் பக்கம், சனி ஈச்சனாரி தாண்டி, யுரேனஸ் கிணத்துக்கடவை ஒட்டி, நெப்டியூன் அங்கிருந்து இன்னும் பத்து கிலோமீட்டரில். பொள்ளாச்சி பேருந்து நிலையம் வரும்போது புளூட்டோவின் சராசரித் தூரம் வந்துவிடும். புளூட்டோவின் கூட்டமான கைப்பர் பட்டை நெப்டியூனில் தொடங்கிப் பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை வரைக்கும். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இதே அளவில் உக்கடத்திலிருந்து இந்நேரம் 170 கிலோமீட்டர், அதாவது சேலம் தூரம் போயிருக்கும். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா? இந்த அளவிலேயே இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். நிஜப் பூமியிலிருந்து நிஜ நிலாவுக்குப் போகிற வழியில் பாதிக்கு மேல்.

இதிலிருந்தே இன்னொரு சந்தேகமும் தீர்ந்துவிடும். ராத்திரி தெரியும் நட்சத்திரங்களில் ஒன்றுகூட நம் சூரியக் குடும்பத்தில் கிடையாது. இங்கே இருக்கும் ஒரே நட்சத்திரம் சூரியன். விடிவெள்ளி சேர்த்தி, அது வெள்ளிக் கோள். எரிந்து விழுவதும் சேர்த்திதான், அது பெரும்பாலும் வால்நட்சத்திரம் உதிர்த்த மணல் அளவுத் தூசி நம் காற்றில் உரசி எரிவது. கார்த்திகைக் கடைசியில், டிசம்பர் 13, 14 தேதிகளில், திருப்பூர் வெளிச்சம் எட்டாத காங்கேயம் மேட்டுக்காட்டுப் பக்கம் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தால், நடு இரவுக்கு மேல் அடுக்கடுக்காக விழுவதைப் பார்க்கலாம், மழை மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குறிப்பிட்ட எரிநட்சத்திர மழை ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுப்போன தூசி.

இப்போது வெளியிலிருந்து வந்தவை. இதுவரை உறுதியாக மூன்று. 2017 அக்டோபரில் ஹவாயிலிருந்து பார்த்த ஓமுவாமுவா, 2019 ஆகஸ்டில் கிரிமியாவிலிருந்து போரிசோவ் என்ற ஆர்வலர் தானே செய்த டெலஸ்கோப்பில் கண்ட வால்நட்சத்திரம், 2025 ஜூலை 1 அன்று சிலியில் அட்லஸ் டெலஸ்கோப் கண்டது. கேட்டவர் செய்தியில் பார்த்தது இந்த மூன்றாவது. இது செவ்வாய் பாதைக்கு உள்ளே வந்தது, அக்டோபர் கடைசியில் சூரியனுக்கு மிக அருகில் போனது, டிசம்பரில் பூமியிலிருந்து 27 கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அவ்வளவு உள்ளே வந்தும் இது நம்மில் சேர்த்தி இல்லை. சூரியனின் இழுப்பே இல்லாத தொலைவிலும் நொடிக்கு 58 கிலோமீட்டர் வேகம் அதற்கு இருந்திருக்கிறது, அவ்வளவு வேகத்தைச் சூரியன் பிடித்து நிறுத்த வழியில்லை. இதற்கு நேர் எதிராக செட்னா என்று ஒன்று இருக்கிறது. சூரியனுக்கு மிக அருகில் வரும்போதே பூமியின் தூரத்தைப் போல 76 மடங்கில்தான் இருக்கும், ஒரு சுற்றுக்குப் பதினோராயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் அது சேர்த்தி. வேகம் வரம்புக்குள் இருக்கிறது, திரும்பி வரும்.

இங்கேயே பிறந்து வெளியே போனதும் உண்டு. 1980-இல் கண்டுபிடித்த போவெல் வால்நட்சத்திரம் நம்முடையதுதான், வியாழனுக்குப் பக்கமாகப் போனபோது வேகம் ஏறி, இனித் திரும்பாத பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. வாயேஜரும் அப்படித்தான். "சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறியது" என்று 2012-ஐ வைத்துப் பத்திரிகைகள் எழுதின. அது கடந்தது சூரியக் காற்று அடங்கும் எல்லையை, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களை வெளி வாயு தடுத்து நிறுத்தும் இடத்தை. சூரியனின் ஈர்ப்பு ஆளும் இடம் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, அந்த எல்லைக்குள்தான் வாயேஜர் இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது இருக்கும் தூரத்தில் சூரியனிடமிருந்து தப்ப நொடிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம் போதும், அது 17-இல் போகிறது. ஆக இருக்கும் இடத்தை வைத்துச் சொன்னால் உள்ளே, கட்டுப்பாட்டை வைத்துச் சொன்னால் ஏற்கனவே வெளியே.

எல்லை என்று வரும்போதுதான் நான் முன்னே சொன்ன உறுதி குறைகிறது. நீண்ட காலப் பாதை கொண்ட வால்நட்சத்திரங்கள் எல்லாத் திசையிலிருந்தும் வருவதைப் பார்த்து, சூரியனைச் சுற்றி மிகத் தொலைவில் பனிப் பொருள்களின் கூடு ஒன்று இருக்க வேண்டும் என்று 1950-இல் யான் ஊர்ட் சொன்னார். கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் அங்கே இருக்கும் நிலையில் ஒரு பொருளையும் யாரும் நேரில் பார்த்ததில்லை. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்குச் சொல்லும் எண்கள் எல்லாம் கணக்கு வழி வந்தவை. ஒன்பதாவது கோள் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று 2016-இல் பாட்டிகினும் மைக் பிரௌனும் சொன்னது இதைவிடப் பலவீனமான நிலையில் இருக்கிறது. சில தொலைதூரப் பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதை வைத்துச் சொன்னார்கள், அந்தச் சாய்வே நாம் தேடிய திசையால் வந்த தோற்றம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், இதுவரை கண்ணில் படவில்லை. யூடியூபில் அதைக் கண்டுபிடித்தாயிற்று என்று வந்தால் நம்ப வேண்டாம். நெப்டியூனின் பெரிய நிலா டிரைட்டன் எதிர்த் திசையில் சுற்றுகிறது, அதனால் அது நெப்டியூன் பிறகு பிடித்துக்கொண்டது என்பது அநேகமாக நிச்சயம், இன்றைக்குச் சேர்த்தி என்பதில் அதனால் மாற்றம் இல்லை.

கடைசியாக அப்பாருவின் ஒன்பது. இதைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நல்ல வானியல் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்கிறவற்றை எண்ணிய கணக்கு அது. அதனால்தான் சூரியனும் சந்திரனும் அதில் உண்டு, நாம் நிற்கும் பூமி இல்லை, வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத யுரேனஸும், புலப்படவே புலப்படாத நெப்டியூனும் இல்லை. குருப்பெயர்ச்சி ஏன் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது? வியாழன் சூரியனைச் சுற்ற 12 வருடம் ஆகிறது, 12 ராசி. சனி ஏன் ஒரு ராசியில் இரண்டரை வருடம்? அது சுற்ற ஆவது 29 வருடம் சொச்சம். ஏழரைச் சனி என்பது மூன்று ராசி. பலன் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது என் துறை இல்லை, இந்தக் கால அளவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து எடுத்த உண்மையான அளவுகள்.

ராகு, கேது இரண்டும் பொருள்கள் கிடையாது, இடங்கள். வானத்தில் சூரியன் போகும் வழிக்கும் நிலா போகும் வழிக்கும் ஐந்து டிகிரி சாய்வு இருக்கிறது, இரண்டும் எதிரெதிராக இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கிரகணம். அந்த இடங்களும் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருடத்தில் ஒரு சுற்று வருகின்றன, ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை வருடத்துக்கு ஒன்று என்பதும் பின்னோக்கிப் போகும் என்பதும் இதுதான். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரைக்குக் கோவையிலும் ஈரோட்டிலும் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அன்று தனுசில் கேது என்று பஞ்சாங்கம் சொன்ன இடத்தில்தான் சூரியனும் நிலாவும் வந்து நின்றன. மரத்தடியில் இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் வட்டத்துக்குப் பதில் வளையமாக இருந்தன, வாசல் தரை முழுக்க அதே உருவம். வளையம் மூன்று நிமிடம் நின்றது. கேது என்பது பொருளாக இல்லாமலேயே அவ்வளவு துல்லியமாக ஒரு இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதை நான் பிள்ளைகளுக்கு மரியாதையோடுதான் சொல்வேன். ஆனால் சூரியக் குடும்பத்தின் பொருள்களில் அதை எண்ண முடியாது.

ஆக, பெண் தேர்வில் கோள்கள் எட்டு என்று எழுதட்டும், குறுங்கோள்கள் ஐந்து என்று கேட்டால் சேர்த்துக்கொள்ளட்டும். வீட்டில் 10×50 பைனாகுலர் ஒன்று இருந்தால் வியாழன் தெரியும் மாதங்களில் அதைக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் ஊன்றிக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும், மறுநாள் இடம் மாறியிருக்கும். ஒரு வாரம் அவளே நோட்டில் படம் போட்டுவந்தால் எது எதைச் சுற்றுகிறது என்று யாரும் சொல்லாமலே புரியும். பகலில் மட்டும் பைனாகுலரை அவள் கையில் தனியாக விடாதீர்கள், சூரியன் பக்கம் ஒரு நொடி திரும்பினாலும் கண் போய்விடும்.